கொழும்பு ஹொஸ்டலில் இரவுச் சாப்பாடு: கன்டீனா, போர்டிங்கா, ரைஸ் குக்கரா?

ஊரிலிருந்து கொழும்புக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் செமஸ்டர் முடிவதற்குள் எப்படியும் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஹொஸ்டலிலேயே இருப்பதா, சாப்பாட்டுக்காக வெளியே ஒரு போர்டிங் (அறையும் சாப்பாடும் காசுக்குத் தருகிற வீடு) பார்ப்பதா? கேட்கிறவர்கள் எல்லோரும் பகல் சாப்பாட்டில்தான் குறை சொல்லத் தொடங்குவார்கள். பருப்பு தண்ணியாக இருக்கிறதாம், மீன் துண்டு சின்னதாம், சோறு ஒரு நாள் குழைவாம், ஒரு நாள் விறைப்பாம். என்னைக் கேட்டால் பகல் சாப்பாட்டை வைத்து இந்த முடிவை எடுக்கவே வேண்டாம். பகலில் பசி இருக்கும், நேரம் இருக்காது, இரண்டு மணி விரிவுரைக்கு ஓட வேண்டும், பக்கத்தில் நாலு பேர் பகிடி விட்டுக்கொண்டு இருப்பார்கள், எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும். வீடு ஞாபகம் வருவது இரவு ஏழரை எட்டுக்கு. வீட்டில் என்றால் அந்த நேரம் புட்டு அவிகிற வாசமோ சொதி கொதிக்கிற வாசமோ அடுப்படியிலிருந்து வரும். இங்கே அதே நேரத்தில் திரும்பவும் சோறு, இல்லாவிட்டால் கொத்து, அதுவும் இல்லாவிட்டால் பாணும் பருப்பும். அதனால் இருக்கிற வழிகள் எல்லாவற்றையும் நான் இரவுச் சாப்பாட்டை வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் கன்டீன். காசு என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கிற மகாபொல கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆனது. அந்த 7500ஐ முப்பதால் பிரித்தால் நாளுக்கு 250 ரூபா. அதற்குள் மூன்று நேரமும் வெளியே சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் 2022க்குப் பிறகு கொழும்பில் ஒரு கடைக்கும் போகவில்லை என்று அர்த்தம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்; பிறகு பணவீக்கம் இறங்கியதே தவிர, ஏறின விலை பழைய இடத்துக்கு வரவில்லை. ஆகவே வீட்டில் காசுக்குக் கஷ்டப்படுகிற பிள்ளைக்குக் கன்டீனை விட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன்.

சுவை ஏன் ஒட்டவில்லை என்பது வேறு விஷயம். சிங்களச் சமையல் கூடாது என்று சொல்ல வரவில்லை, நல்ல பொலொஸ் கறி (பிஞ்சுப் பலாக்காய்க் கறி) கிடைத்தால் நான் இரண்டாம் தரம் சோறு வாங்குகிற ஆள். வித்தியாசம் தூளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து ஒன்றாகத் திரித்த ஒரே தூள்தான், மீனுக்கும் அது, கத்தரிக்காய்க்கும் அது. கன்டீனில் மிளகாய்த்தூள் தனி, கறித்தூள் தனி, ரம்பையும் கறுவாவும் சேரும், புளிக்குப் பழப்புளி இல்லை, கொறுக்காய். நாக்கு தேடுவது பெரும்பாலும் அந்த வறுத்த தூளைத்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை சின்னதாகிவிடும், பின்னால் சொல்கிறேன். சைவக்காரருக்கு இன்னொரு கரைச்சல் உண்டு: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு, சிங்களத்தில் 'உம்பலகட'. சில இடங்களில் பருப்பிலும் இலைச் சுண்டலிலும்கூடப் போடுவார்கள். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் பிடிக்கிறவர்கள் 'உம்பலகட' போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கப் பழகுவது நல்லது, கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இரவுக்குக் கன்டீன் எப்படி? சரியில்லை. பல இடங்களில் பகல் மிஞ்சின கறிதான் இரவும் வரும், எட்டுக்குப் பிறகு போனால் சட்டியின் அடி தெரியும்.

அடுத்தது கடை. தமிழர் கொழும்பில் சாப்பாட்டுக்கு அலையத் தேவையில்லை, வெள்ளவத்தை இருக்கிறது என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். பொய்யில்லை. காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பக்கம் நடந்தால் தமிழ் எழுத்துப் பலகை இல்லாத துண்டு குறைவு. ஆனால் இதில் இரண்டு விதம் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லாண்ட்ஸ் மாதிரியான பம்பலப்பிட்டிப் பழைய சைவக் கடைகளில் கிடைப்பது தோசை, இட்லி, வடை, சாம்பார். அருமையான சாப்பாடு, ஆனால் அது தென்னிந்தியக் கை. சொதியும் மீன்குழம்பும் புட்டும் வேண்டும் என்றால் வெள்ளவத்தைக்குள் இறங்கி யாழ்ப்பாணச் சாப்பாடு என்று போட்டிருக்கிற கடைகளைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கறி வீட்டை விட எண்ணெயாகவும் உறைப்பாகவும்தான் இருக்கும், கடைக்கு அதுதான் வழக்கம்.

தூரத்தையும் பாருங்கள். றீட் மாவத்தைப் பக்கம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவருக்கு வெள்ளவத்தை நாலு கிலோமீற்றருக்குள். மொரட்டுவைப் பல்கலைக்கழகக்காரர் கட்டுபெத்தையிலிருந்து காலி வீதிக்கு வந்து 100ஓ 101ஓ பஸ் பிடித்து மாலை நேர நெரிசலில் வந்துசேர வேண்டும், சாப்பிட்டுவிட்டு அதே வழியால் திரும்ப வேண்டும், ஒரு புட்டுக்காக ஒரு பின்னேரமே போய்விடும். களனியில் இருக்கிறவருக்கு இன்னும் மோசம், நகரத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும், அவர் கொட்டாஞ்சேனையையும் செட்டியார் தெருவையும் பார்ப்பது புத்தி. கடை என்பது கிழமைக்கு ஒரு நாளைக்கு. தினம் என்றால் பர்ஸும் வயிறும் ஒன்றாகக் கெடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'வெள்ளவத்தையில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்பது யாழ்ப்பாணத்து ஆட்களின் கதை. என்னுடைய மட்டக்களப்புச் சிநேகிதன் ஒருவன் அங்கே சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் 'நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா எங்கட வீட்டில இப்படி இல்லையே' என்பான். அவனுக்குத் தேங்காய்ப்பால் தாராளமாக விட்ட குழம்பும் சட்டித் தயிரும் வேண்டும். பதுளையிலிருந்து வந்தவளுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். இவர்களை எல்லாம் ஒரே கடைக்குள் தள்ளிவிட்டு 'தமிழ்ச் சாப்பாடுதானே, பிறகு என்ன குறை' என்று கேட்பது நியாயமில்லை. வேடிக்கை என்னவென்றால் ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஏறக்குறைய எல்லாச் சிங்களக் கடைகளிலும் கிடைக்கும், ஆகவே பதுளைக்காரிதான் எங்கள் எல்லோரையும் விடச் சீக்கிரம் கொழும்போடு ஒத்துப்போனாள்.

போர்டிங்குக்கு வருவோம், பெரிய முடிவு இதுதான். வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளில் அன்ரிமார் அறை வாடகைக்குக் கொடுத்துச் சாப்பாடும் கொடுக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அறை பார்க்கப் போனால் எல்லா அன்ரியும் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: 'தம்பி, கடைச் சாப்பாடு மாதிரி இல்லை, நாங்கள் சாப்பிடுறதைத்தான் உங்களுக்கும் தாறது.' கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அது முழு உண்மையும்கூட. அதனால்தான் அவர்கள் இரவில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அங்கிளுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் என்றால் இரவில் உப்புக் குறைந்த சூப்பும் இரண்டு துண்டு பாணும்தான் அந்த வீட்டுச் சாப்பாடு, உங்களுக்கும் அதுதான். பிள்ளைகள் எல்லாம் கனடாவில், இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒவ்வொரு இரவும் மா குழைத்து இடியப்பம் பிழிவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, கடையில் வாங்கின இடியப்பத்தைப் பரிமாறுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு நீங்கள் போர்டிங் காசு கொடுக்கத் தேவையில்லை.

முற்பணம் கொடுக்க முன்னர் கேட்க வேண்டியவை: இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, பிந்தி வந்தால் மூடி வைப்பார்களா, ஊருக்குப் போகிற நாட்களுக்குக் காசு கழிப்பார்களா, பிரிட்ஜில் ஒரு தட்டுத் தருவார்களா, காஸ் தட்டுப்பாடு வந்தால் என்ன ஏற்பாடு. கடைசிக் கேள்வி பகிடி இல்லை, 2022இல் காஸ் இல்லாமல் போர்டிங் வீடுகளில் சாப்பாடு நின்றதை அப்போது இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். பெண்பிள்ளைகள் கேற் பூட்டுகிற நேரத்தையும் கேட்க வேண்டும். சில வீடுகளில் அது ஹொஸ்டலை விட முந்தி.

நல்ல வீடு அமைந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படி ஒரு வீட்டில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறேன். மேசையில் பிளாஸ்டிக் கூடையால் மூடின தட்டு, அதற்குள் புட்டு, பக்கத்துக் கிண்ணத்தில் முருங்கைக்காய்க் கறி, இன்னொரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு பொரித்த மோர்மிளகாய். கேட்காமலே மோர்மிளகாய் வைக்கிற வீடு. ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை வாடகை மட்டும் இல்லை. ஹொஸ்டல் என்பது படுக்கிற இடம் என்று நினைக்கிறவர்கள் முதலாவது பரீட்சை வரும்போது முழிப்பார்கள். சீனியர்மார் குப்பி (ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு) எடுப்பது ஹொஸ்டலில், பழைய வினாத்தாள் கை மாறுவது ஹொஸ்டலில், சிங்களம் நாக்கில் ஏறுவதும் ஹொஸ்டலில். அரச பல்கலைக்கழக ஹொஸ்டல் கட்டணம் வெளி வாடகையோடு பார்த்தால் சில்லறைக் காசு. முதல் இரண்டு வருடத்துக்குள் சாப்பாட்டுக்காக மட்டும் ஹொஸ்டலை விட்டுப் போகாதீர்கள் என்பேன். எல்லா வருடத்துக்கும் ஹொஸ்டல் கிடைக்காத பீடங்களில் எப்படியும் ஒரு நாள் வெளியே போகத்தான் வேண்டிவரும், அன்ரி வீட்டை அப்போது பார்க்கலாம்.

சரி, அறையில் சமைப்பது. அநேகமான ஹொஸ்டல்களில் இது விதிப்படி தடை, அநேகமான ஹொஸ்டல்களில் இது நடக்கவும் செய்கிறது. தடைக்குக் காரணம் வோர்டனின் கெட்ட குணம் இல்லை, வயர். பழைய கட்டடங்களில் இருக்கிற வட்டப் பின் சொக்கெட் பெரும்பாலும் 5 அம்பியர், 230 வோல்ற்றில் கணக்குப் போட்டால் 1150 வொற்தான் தாங்கும். சின்ன ரைஸ் குக்கர் 400, 500 வொற்றுக்குள் நிற்கும். மின் கேத்தல் 1500க்கு மேல் போகும், ஹொட்பிளேற்றும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு எக்ஸ்டென்ஷனில் மூன்று பேர் கேத்தலும் குக்கரும் அயன்பொக்ஸும் குத்தினால் என்ன ஆகும் என்று பௌதிகவியல் படித்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உங்கள் ஹொஸ்டலில் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை இருந்தால், அல்லது அனுமதி கேட்டுக் கிடைத்தால் மட்டும் இதைப் பாருங்கள்.

அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆவித்தட்டு வருகிற சின்ன ரைஸ் குக்கர் ஒன்று போதும், சோற்றுக்கு இல்லை, புட்டுக்கு. வறுத்த அரிசிமாவும் அவித்த கோதுமை மாவும் பாதிக்குப் பாதி, உப்பு, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, பிறகு ஒரு டம்ளரின் விளிம்பால் கொத்திக்கொண்டே போனால் கட்டி உடைந்து மணி மணியாக வரும். வீட்டில் சுண்டு என்கிற அளவுப் பேணியால் கொத்துவார்கள், டம்ளரும் அதே வேலையைச் செய்யும். தேங்காய்ப்பூவைக் கலந்து, ஆவித்தட்டில் ஈரத்துணி விரித்து அள்ளிப் போட்டு மூடினால் கால் மணித்தியாலம். நீத்துப்பெட்டியில் அவிக்கிறபோது வருகிற பனையோலை வாசம் வராது, அதை மறந்துவிடுங்கள். தேங்காய் 2024 கடைசியில் ஒன்று 200 ரூபாவைத் தொட்டது, அப்படி விலை ஏறினால் பூவைக் கொஞ்சமாகத்தான் போடுவீர்கள், அதையும் மறந்துவிடுங்கள்.

சொதிக்குத் தேங்காய்ப்பால் மா பக்கெற் நல்லது, திருவத் தேவையில்லை, மிச்சம் பழுதாகாது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டுத் தண்ணீரில் வேகவிட்டு, தேங்காய்ப்பால் மாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி, கொதி வர முன்னமே நிறுத்திவிட வேண்டும். கொதித்தால் திரைந்துபோகும். தேசிக்காய் அடுப்பை நிறுத்தினதற்குப் பிறகுதான். குக்கரில் சூட்டைக் குறைக்கிற வசதி இல்லாததால் மூடியைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் திரைந்த சொதிதான். கருவாடு மட்டும் வேண்டாம். அறைத் தோழர்களின் உடுப்பில் ஏறுகிற அந்த வாசம் ஒரு கிழமைக்கு இறங்காது, பிறகு உங்கள் அனுமதிக்கும் முடிவு வந்துவிடும்.

இந்த வழியின் உண்மையான செலவு காசு இல்லை, கழுவுகிற வேலை. தனி ஆளாகத் தினம் புட்டு அவித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. மூன்று நாலு பேர் சேர்ந்து முறை வைத்தால் கிழமையில் இரண்டு மூன்று இரவு நடக்கும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இதற்கிடையில் ஆட்கள் அதிகம் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் சமைத்து வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிற அக்காமார். காலையில் செய்தி போட்டால் இரவுக்கு இடியப்பம், சொதி, சம்பல், கேட்டால் ஒரு மீன்கறி. பிக்மீயிலோ ஊபரிலோ கடையிலிருந்து தனியாக எடுத்தால் கொண்டுவருகிற கூலி சாப்பாட்டுக்கு ஈடாக வரும். ஹொஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து ஒரே ஓட்டோவில் எடுத்தால் கூலி ஆளுக்கு ஒரு பிளேன்ரீக் காசு. பழகிப் போனால் அக்காவே 'இண்டைக்குக் கத்தரிக்காய் நல்லா வந்தது, கொஞ்சம் வைச்சிருக்கிறன்' என்று அனுப்புவா. சிக்கல் ஒன்றே ஒன்று, காசு சேர்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பார்சல். யாழ்ப்பாணத்திலிருந்து இரவில் வெளிக்கிடுகிற பஸ்கள் விடியற்காலையில் வெள்ளவத்தைக்கு வந்துசேரும். அந்த நேரம் காலி வீதி ஓரத்தில் போய் நின்றால் ஒரு காட்சி பார்க்கலாம். கொண்டக்டர் கீழ்ப்பெட்டியைத் திறப்பார், உள்ளே பிஸ்கட் பெட்டிகள், சாக்குத் தைத்த பொதிகள், மாக்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதி நாலு பக்கமும் ரேப் சுற்றின வாளிகள். மாம்பழக் காலம் என்றால் கறுத்தக்கொழும்பான் வாசம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் கருவாடு வெல்லும். அரைத் தூக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் தங்கள் அம்மாவின் கையெழுத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

பார்சலில் இரவுச் சாப்பாடு வராது. இதை வீட்டுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். நானூறு கிலோமீற்றர் வந்த புட்டும் தேங்காய்ப்பால் கறியும் பத்து மணித்தியாலம் மூடின பெட்டிக்குள் இருந்தது என்பதை மறக்கக் கூடாது, ஆசையில் வாயில் வைக்க வேண்டாம். வரவேண்டியது வேறு: வறுத்த தூள், வறுத்த மா, பருத்தித்துறை வடை, மோர்மிளகாய், வடகம், எலுமிச்சை ஊறுகாய், எள்ளுருண்டை, புழுக்கொடியல். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) கேட்காதீர்கள், கூழ் காய்ச்ச இடமும் இல்லை, மாவை ஊறவைத்து வடித்துக் கைப்பு எடுக்கப் பொறுமையும் இருக்காது.

கன்டீனைப் பற்றிச் சொன்னபோது விட்ட இடம் இதுதான். நாக்கு தேடுவது அந்தத் தூளை என்றால் ஹொஸ்டல் மேசையில் ஒரு போத்தல் தூளும் ஒரு போத்தல் ஊறுகாயும் இருந்தால் கன்டீன் இரவே மாறிவிடும். கொஞ்சம் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தூளைப் போட்டு உடனே இறக்கி, வெட்டின சின்ன வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்தால் பாணுக்கும் வெறும் சோற்றுக்கும் போதும். எண்ணெய் சூடாக்க அடுப்பில்லாதவர் வீட்டிலேயே அப்படித் தாளித்து எண்ணெய் மேலே நிற்க அடைத்து அனுப்பச் சொல்லலாம், வெங்காயமும் புளியும் அன்றன்றைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் என்ன செய்யச் சொல்வேன் என்றால், முதல் வருடத்தில் இருக்கிறவர் ஹொஸ்டலிலேயே இருக்கட்டும், பகலுக்குக் கன்டீன், கிழமையில் மூன்று இரவு ஆறு பேர் சேர்ந்து அக்காவிடம் இடியப்பம், மற்ற இரவுகளில் கன்டீன் சோறும் வீட்டுத் தூளும், சம்பளமோ வெளிநாட்டு மாமாவின் காசோ கைக்கு வந்த சனிக்கிழமை வெள்ளவத்தை. முழுச் சைவக்காரர், வயிற்றுப்புண்காரர் இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் முதல் மாதத்திலிருந்தே சமைத்துத் தருகிற வீடு தேடுவது நல்லது, குப்பிக்கு ஹொஸ்டலுக்கு வந்து போகலாம். மொரட்டுவையில் பொதுச் சமையலறை இருக்கிற மாடி கிடைத்தவர் ரைஸ் குக்கரை வாங்கிவிடலாம், அவருக்கு வெள்ளவத்தை தூரம்.

தூள் கேட்டு வீட்டுக்குப் போன் எடுக்கும்போது ஒரு கிலோ அனுப்பச் சொல்லாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் வறுத்த தூளின் வாசம் சீக்கிரம் இறங்கிவிடும், கால் கிலோ போதும். காய்ந்த ஹோர்லிக்ஸ் போத்தலில் அமுக்கி அடைத்து, மூடிக்குக் கீழே ஒரு பொலித்தீன் வைத்து இறுக்கச் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்துப் பொதி யாருடைய கருவாடு என்று நமக்குத் தெரியாது.